கணக்கில் ஏறாத தண்ணீர்: காவிரிப் படுகையில் நிலக்கணக்கும் ஆற்றின் தரமும்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில், வீரசோழன் ஆற்றங்கரையில் அமைந்த திருவிடைமருதூரும் அதைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டமும், தமிழகத்தில் நிலமும் நீரும் மிக நீண்ட காலமாகக் கணக்கெழுதப்பட்டுவரும் பகுதிகளுள் அடங்கும். சோழர் காலத்து அளவுகோல், கம்பெனி ஆட்சியின் தீர்வை ஏடு, மேட்டூர் அணையின் பாசனப் பதிவேடு, காவிரி நடுவர் மன்றத்தின் பயிர்ப்பரப்புக் கணக்கு ஆகிய அனைத்தும் இந்த வயல்களின் மீது ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டுள்ளன. எத்தனை வேலி நிலம், எத்தனை கலம் நெல், எத்தனை டி.எம்.சி. நீர் என்று அவை கேட்டன. அந்த நீர் எத்தகைய நீர் என்பதற்கு அவற்றில் தனியொரு பத்தி இல்லை. நிலத்தை எவ்வாறு பயன்படுத்தினால் எவ்வளவு வருவாய் கிடைக்கும் என்பதையும், ஆற்றுநீரின் தரம் எந்த எல்லைக்குக் கீழே போகக்கூடாது என்பதையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்க்கும் முறை உலகில் சில இடங்களில் வழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில், இப்படுகையில் அவ்விரண்டும் ஏன் தனித்தனியாகவே வளர்ந்தன என்பது வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கது.

முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1001 அளவில், சோழநாட்டு நிலங்கள் விரிவாக அளக்கப்பட்டன. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள்வரை நிலப்பரப்பு குறிக்கப்பட்டிருப்பது பலரும் அறிந்ததே. அதைவிட இங்குக் கவனிக்க வேண்டியது வரி விதிக்கும்போது கழிக்கப்பட்ட இடங்களின் பட்டியலாகும். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவை மொத்தப் பரப்பிலிருந்து நீக்கப்பட்டு, எஞ்சிய விளைநிலத்துக்கே வரி கணக்கிடப்பட்டது. வாய்க்கால் ஓடும் நிலம் விளைச்சல் தருவதில்லை என்றாலும் அது இல்லாமல் விளைச்சலே இல்லை என்பதை அந்தக் கணக்கு ஏற்றுக்கொண்டிருந்தது.

திருவிடைமருதூர் கோயில் கல்வெட்டுகளில் திரைமூர்ச் சபையாரும் திருவிடைமருதில் நகரத்தாரும் சேர்ந்து கோயில் நிலங்களையும் கொடைகளையும் கவனித்த செய்திகள் வருகின்றன. இத்தகைய சபைகளின் பொறுப்பில் இருந்த நீருரிமையின் தன்மையைச் சோழர் செப்பேடுகளின் நிபந்தனைப் பகுதிகள் காட்டுகின்றன. கொடை பெற்றவர்கள் தமக்கு உரிய முறைப்படி வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாம். பிறர் அதிலிருந்து கிளை வெட்டக்கூடாது, குறுக்கே அடைக்கக்கூடாது, குற்றேத்தம் எனப்படும் சிறிய ஏற்றம் அமைத்து இறைக்கக்கூடாது, கூடையால் நீர் இறைக்கவும் கூடாது. நல்ல நீரைப் பொதுவான வேலைகளுக்குப் பயன்படுத்தலாகாது என்று பொருள் கொள்ளப்படும் விதியும் சிலவற்றில் உண்டு. இந்த விதிகளில் எண் எதுவும் இல்லை. மனிதர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதே அவற்றின் மொழியாகும். நீரின் தூய்மை அன்று அளக்கப்படும் பொருளாக இருக்கவில்லை. அது நடத்தை சார்ந்த ஒழுங்காகக் காக்கப்பட்டது. அந்த ஒழுங்கைக் கண்காணிக்கும் ஊர் அமைப்புகள் பிற்காலத்தில் வலுவிழந்தபோது, அதனிடத்தில் வைப்பதற்கு அளவு சார்ந்த விதி எதுவும் தயாராக இல்லை.

மராட்டிய அரசர் அமர்சிங் 1798இல் பதவி இழந்தபின், மத்தியார்ச்சுனம் என்றும் அழைக்கப்பட்ட திருவிடைமருதூரில் வந்து தங்கினார். அடுத்த ஆண்டே தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. நெல்லைப் பங்கிட்டு வாங்கிய பழைய முறையைப் பணமாக மாற்றுவதே புதிய ஆட்சியின் முதல் சிக்கலாக இருந்தது. 1820களில் வந்த ஒழுங்கு முறையில், ஊரின் சராசரி விளைச்சல் ஒரு நிலையான விலைக்குப் பணமாக்கப்பட்டுத் தீர்வை குறிக்கப்பட்டது. சந்தை விலை அந்த நிலைவிலையிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ தீர்வையும் மாறும். விளைச்சல், விலை, அரசின் பங்கு ஆகிய மூன்றையும் ஒரு சூத்திரத்தில் பிணைத்த இம்முறையை, இன்றைய பொருளில் ஓர் எளிய பொருளாதார மாதிரி என்றே சொல்லலாம். மாதிரி என்பது இங்கு, நடைமுறையின் சிக்கல்களில் முக்கியமான சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறும் என்று சொல்லும் கணக்கு அமைப்பைக் குறிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ரயத்துவாரி நிலவரித் திட்டம் இதைவிட நுட்பமானது. நிகர விளைவில் பாதியே அரசின் பங்கு என்ற கொள்கை 1860களில் சென்னை மாகாணத்தில் நிலைபெற்றிருந்தது. ஒவ்வொரு வகை மண்ணுக்கும் சராசரி விளைச்சலைக் கண்டு, பஞ்சமில்லாத ஆண்டுகளின் சராசரி விலையால் பெருக்கி, வணிகரின் இலாபத்தையும் பருவம் பொய்ப்பதற்கான கழிவையும் சாகுபடிச் செலவையும் நீக்கினால் எஞ்சுவது நிகர விளைவாகும். மண் பல தரங்களாகப் பிரிக்கப்பட்டது. பாசன ஆதாரங்களும் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஆனால் அந்த வகுப்பை முடிவு செய்தது, எத்தனை மாதம் நீர் தவறாமல் வரும் என்பதே. தலைமடைக்கு ஒரு வகுப்பு, கடைமடைக்கு வேறொரு வகுப்பு. நீரில் உப்பு உண்டா, வண்டல் உண்டா, கழிவு உண்டா என்பதை அந்த வகுப்பீடு கேட்கவில்லை. அதில் அன்று குறை காண்பதும் கடினம், ஏனெனில் காவிரியில் வந்தது பெரும்பாலும் குடிக்கத்தக்க நீராகவே இருந்தது. எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதைக் கணக்கெழுதுபவர் தனியே குறிப்பதில்லை. இந்த மௌனமே பின்னர் வந்த எல்லாக் கணக்குகளுக்கும் மரபாக இறங்கியது என்பதுதான் சிக்கல்.

நீரின் அளவைப் பற்றிய அக்கறை இதே காலத்தில் பொறியியலாகவும் வளர்ந்தது. நேராகவும் சரிவாகவும் ஓடும் கொள்ளிடம் காவிரியின் நீரை இழுத்துக்கொள்ள, காவிரியின் படுகை மணலால் மேடிட்டுவந்தது. கேப்டன் கால்டுவெல் 1804இல் கல்லணையை உயர்த்தியும் குறை தீரவில்லை. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையையும் கட்டி முடித்தார். அணைக்கரை என்று மக்கள் அழைக்கும் அந்தக் கீழணை திருவிடைமருதூர் வட்டத்தின் வடஎல்லையில் உள்ளது. இவ்விடம் மற்றொரு கணக்கில் மீண்டும் வரும்.

மைசூர், சென்னை அரசுகளுக்கு இடையே 1924இல் ஏற்பட்ட ஒப்பந்தம், நீரைப் பரப்பின் வழியாக வரையறுத்த முதல் பெரிய முயற்சியாகும். சென்னை மாகாணம் மேட்டூர் அணையில் 93.5 டி.எம்.சி. தேக்கி, 3,01,000 ஏக்கர் புதிய பாசனம் செய்யலாம். மைசூர் கிருஷ்ணராஜசாகர் அணையின் வழியாக 1,25,000 ஏக்கர் புதிதாகச் சாகுபடி செய்யலாம். டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. எந்த மாநிலம் எவ்வளவு நிலத்தைப் பாசனத்துக்குக் கொண்டுவரலாம் என்று எல்லை இட்டால், நீர் எடுப்பும் தானே எல்லைக்குள் நிற்கும் என்பதே இதன் அடிப்படை. நிலப்பயன்பாட்டுக்கு இடப்பட்ட இந்த வரம்பு ஆற்றின் அளவைக் காப்பதற்கானது. ஆற்றின் தரத்தைக் காப்பதற்கும் இதே வடிவில் வரம்பு இடலாம் என்ற எண்ணம் அன்று எவருக்கும் தோன்றியிருக்க வேண்டிய தேவை இல்லை.

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டபின் சாகுபடியின் கால ஒழுங்கே மாறியது. சூன் 12இல் அணை திறந்தால் குறுகியகாலக் குறுவை, அதன்பின் தாளடி; ஒருபோகம் செய்பவர்களுக்கு நீண்டகாலச் சம்பா என்று ஆண்டு முழுவதும் வாய்க்காலின் தேதியைச் சார்ந்து நின்றது. வெள்ளத்தோடு வந்து வயலில் படிந்த வண்டலில் ஒரு பகுதி இப்போது அணையின் அடியில் தங்கியது. நீரின் தரம் என்றால் மாசு மட்டும் என்று நினைப்பது தவறு. உரச்சத்துள்ள வண்டல் குறைவதும் தரமாற்றமே. அந்த இழப்பு எந்த ஏட்டிலும் செலவாக எழுதப்படவில்லை, அதை ஈடுசெய்ய வாங்கிய உரம் மட்டும் உழவரின் செலவில் ஏறியது.

உரத்தின் வரலாற்றில் திருவிடைமருதூர் வட்டத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இவ்வட்டத்தில் 1922இல் தொடங்கியது. ஜப்பானிய வகையையும் நம் வகையையும் கலந்து அங்கு உருவாக்கப்பட்ட ஏடிடீ 27, 1960களின் நடுவில் குறுவைக்கு ஏற்ற குறுகியகால நெல்லாகப் பரவியது. அதற்குச் சற்று முன்னர், 1960-61இல், ஃபோர்டு அறக்கட்டளையின் துணையுடன் இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு தீவிர வேளாண்மை மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்றாயிற்று. விதை, உரம், கடன், பூச்சிமருந்து ஆகியவற்றை ஒரு தொகுப்பாகக் கொடுத்த அத்திட்டத்தை மக்கள் பேக்கேஜ் திட்டம் என்றே அழைத்தனர். ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனித் திட்டம் எழுத வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

அத்தகைய பண்ணைத் திட்டங்களுக்குப் பயன்படக்கூடிய கணிதக் கருவி நேரியல் திட்டமிடல் ஆகும். சோவியத் நாட்டில் கண்டரோவிச் 1939இலும், அமெரிக்காவில் டான்ட்சிக் 1947இலும் உருவாக்கிய இம்முறையை எர்ல் ஹெடியும் வில்ஃப்ரெட் கேண்ட்லரும் 1958இல் வெளியிட்ட நூலின் வழியாக வேளாண் பொருளியலாளரிடையே பரப்பினர். இதில் முதலில் ஒரு குறிக்கோள் எழுதப்படும். குறுவை, சம்பா, உளுந்து, வாழை, கரும்பு ஆகியவற்றுக்கு எத்தனை ஏக்கர் ஒதுக்கினால் நிகர வருவாய் மிகும் என்பது அந்தக் குறிக்கோளாக இருக்கலாம். அடுத்துக் கட்டுப்பாடுகள் எழுதப்படும்: இருக்கும் நிலம் இவ்வளவு, சூலையில் வரும் நீர் இவ்வளவு, நடவுக்குக் கிடைக்கும் ஆட்கள் இவ்வளவு. இவற்றை மீறாமல் குறிக்கோளை உச்சமாக்கும் ஒதுக்கீடே விடையாகும். அந்த விடையுடன் நிழல் விலை என்ற மற்றொரு எண்ணும் கிடைக்கும். ஒரு கட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் மொத்த வருவாய் எவ்வளவு கூடும் என்பதை அது சொல்கிறது. சந்தையில் விலை இல்லாத ஆற்றுநீருக்கும் வயல் கொடுக்கும் மதிப்பு இவ்வாறு வெளிப்படும்.

ஆற்றுநீரின் தரத்தை இக்கணக்கில் சேர்ப்பதற்குப் புதிய கணிதம் தேவையில்லை, இன்னொரு கட்டுப்பாடு போதும். வயல்களிலிருந்து ஆற்றுக்குச் செல்லும் நைட்ரஜன் குறிப்பிட்ட அளவைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரி எழுதினால், அதன் நிழல் விலை அந்தத் தூய்மைக்காக உழவர்கள் விட்டுக்கொடுக்கும் வருவாயாகும். நியூசிலாந்தில் டௌப்போ ஏரிப் படுகையில் இது சட்டமாகவே ஆனது. ஏரிக்குள் சேரும், குறைக்கக்கூடிய நைட்ரஜனில் 20 விழுக்காட்டைக் குறைப்பது இலக்கு. ஒவ்வொரு பண்ணைக்கும் அது கசியவிடலாகும் நைட்ரஜனின் உச்சவரம்பு குறிக்கப்பட்டு, அந்த உரிமையை விற்கவும் வாங்கவும் அனுமதி அளிக்கப்பட்டது. பொதுப்பணத்தில் ஏற்பட்ட ஓர் அறக்கட்டளை உழவர்களிடமிருந்து உரிமைகளை வாங்கி நிறுத்தியது. நிலப்பயன்பாட்டின் பொருளாதார மாதிரி இன்றி அந்த ஏற்பாட்டின் செலவை யார் ஏற்பது என்று பேசியிருக்க முடியாது.

அந்த மாதிரியை அப்படியே எடுத்துத் தஞ்சைக்குப் பொருத்த நினைப்பவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். முதலாவது மண்ணைச் சார்ந்தது. நீர் தேங்கிய நெல்வயலின் அடியில் ஆக்சிஜன் இல்லாததால், நைட்ரேட்டின் பெரும்பகுதி வாயுவாக மாறிப் பறந்துவிடுகிறது. யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. ஆகவே இட்ட உரத்தில் வீணாவது அதிகம் என்றாலும், மேய்ச்சல் நிலத்தைப்போல் அது முழுவதும் ஆற்றுக்குள் நைட்ரேட்டாக இறங்குவதில்லை. நெல் அறுவடைக்குப்பின் வயல் காய்ந்து உளுந்தும் பயறும் விதைக்கப்படும் காலத்திலும், வாழைக்கும் கரும்புக்கும் மாறிய நிலங்களிலும் நிலைமை வேறு. யூரியாவின் விலை அரசால் மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதும், 2010இல் வந்த சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்தில் யூரியா சேர்க்கப்படாமல் விடப்பட்டதும் இக்கணக்கில் மறைவாக நிற்கும் எண்களாகும்.

இரண்டாவது தடை, படுகையின் அமைப்பே. காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், திருமலைராயன், முடிகொண்டான் என்று பிரிந்து செல்லும் ஆறுகளில் மேலே பாசனம் தருவது கீழே வடிகாலாகிறது. ஒரு ஊரின் வடிகால் அடுத்த ஊரின் வாய்க்காலாகத் தொடங்குகிறது. மடை திறந்து வயலுக்குள் வந்த நீர், வயல்வழியாகவே அடுத்தவர் நிலத்துக்கு இறங்கி, பின்னர் கன்னி வாய்க்காலிலும் வடிவாய்க்காலிலும் சேர்ந்து, மறுபடியும் ஓர் ஆற்றின் தலைப்பில் பாசன நீராகத் தோன்றுகிறது. இந்தச் சிக்கனம்தான் தலைமடைக்கு விடப்படும் நீரைக் கடைமடைவரை பலமுறை பயன்படச் செய்தது; முறைப்பாசனம் என்ற ஏற்பாடும், வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்து வழக்கமும் அதைத் தாங்கி நின்றன. குடிமராமத்துக்கு வராதவர்களைத் தண்டிக்க 1858இல் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் எந்தச் சிக்கனம் நீரைப் பெருக்கியதோ அதுவே மாசையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். எந்த வயலிலிருந்து எவ்வளவு வந்தது என்று பிரித்துச் சொல்ல அங்கு வழியில்லை. பண்ணைதோறும் உச்சவரம்பு குறிக்கும் டௌப்போ முறைக்கு ஒவ்வொரு பண்ணையின் கசிவும் தனியே கணிக்கப்பட வேண்டும். இங்கோ வடிகாலுக்கு உரிமையாளர் இல்லை. மேலும், கடைமடையில் கடல் உவரும் நிலத்தடி உவரும் ஏறும்போது அதன் காரணம் உழவரின் உரமா, மேலிருந்து வரும் நன்னீரின் குறைவா, ஆழ்துளைக் கிணறுகளின் இறைப்பா என்று ஒரே எண்ணில் சொல்லிவிட முடியாது.

இத்தனை நுணுக்கமும் தேவைப்படும் இடத்தில், மாநிலங்களுக்கிடையிலான கணக்கு எளிமையையே தேர்ந்தது. 1990 சூன் 2இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 1991இன் இடைக்கால ஆணையில், கர்நாடகம் தன் பாசனப் பரப்பை 11.2 இலட்சம் ஏக்கருக்கு மேல் பெருக்கக்கூடாது என்று எல்லையிட்டது. 2007 பிப்ரவரி 5இன் இறுதித் தீர்ப்பில், இதே திருவிடைமருதூர் வட்டத்து எல்லையிலுள்ள கீழணையில் 740 டி.எம்.சி. கிடைக்கும் என்று கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பங்கிட்டது. சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்கவியலாமல் கடலில் கலப்பதற்கு 4 என ஒதுக்கியது. பயிர், பயிரின் வயது, பயிர்ப்பரப்பு, மழையின் பங்கு ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு மாநிலத்தின் தேவையும் கட்டியெழுப்பப்பட்டது. ஒரு படுகை முழுவதற்கும் செய்யப்பட்ட நிலப்பயன்பாட்டு மாதிரி என்று இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம், அதன் உழைப்பும் மதிக்கத்தக்கது.

ஆனால் அக்கணக்கில் ஒரு வரி தனியே படிக்கத்தக்கது. குடிநீருக்காக எடுக்கப்படும் நீரில் 20 விழுக்காடு மட்டுமே செலவாகிறது என்றும், மீதி ஆற்றுக்கே திரும்புகிறது என்றும் நடுவர் மன்றம் கொண்டது. நீர்வள ஆய்வில் இது வழக்கமான அனுமானம்தான். எனினும் திரும்பி வருவது சாக்கடை நீர். பெங்களூரு நகரத்தின் கழிவுநீரைச் சுமக்கும் விருஷபாவதி அர்க்காவதியில் கலந்து, அர்க்காவதி சங்கமத்தில் காவிரியில் சேர்கிறது. அளவுக்கணக்கில் வரவாக எழுதப்படும் நீர் தரக்கணக்கில் கடனாக எழுதப்பட வேண்டியது. ஆனால் ஏடு ஒன்றே இருந்ததால் அது வரவாகவே நின்றது. இதனால்தான் 2015இல் தமிழ்நாடு அரசு, காவிரியிலும் தென்பெண்ணையிலும் சுத்திகரிக்காத கழிவுநீர் விடப்படுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் தனியாக ஒரு வழக்கைத் தொடுக்க நேர்ந்தது.

2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோது, படுகையில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதைச் சுட்டி, அதிகமாக உறிஞ்சினால் ஏற்படும் ஆபத்தைக் கருதி 10 டி.எம்.சி.யை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது. நீரின் நலம் பற்றிய ஓர் அச்சம் பங்கீட்டின் எண்ணை நேரடியாக மாற்றிய அரிய தருணம் அது. அந்தப் பாதி எந்த மாதிரியிலிருந்தும் பிறந்ததல்ல; நீதிபதிகளின் முன்னெச்சரிக்கையிலிருந்து வந்தது.

தரத்துக்கு விலை வைத்த கணக்குகள் தமிழகத்தில் எழவில்லை என்று சொல்ல முடியாது. அவை நீதிமன்றத்தின் வழியாக வந்தன. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் பிரிந்த நாகப்பட்டினத்தின் கரையோரத்தில், நெல்வயல்கள் இறால் பண்ணைகளாக மாறின. கடல்நீரை உள்ளே தேக்கியதால் அண்டை வயல்களும் கிணறுகளும் உவர்ப்பாயின. பண்ணைக் கழிவு கால்வாய்களில் விடப்பட்டது. காந்தியவாதி ச. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் செலவையும் பயனையும் ஒப்பிட்டு அறிக்கை அளித்தது. இறாலால் கிடைக்கும் வருவாயைவிட, அதனால் ஏற்படும் சமூக, சூழல் இழப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, ஆந்திரத்தில் நான்கு மடங்கு என்பது அதன் முடிவு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றுமாறு 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நிலத்தின் ஒரு பயன்பாட்டை மற்றொன்றோடு ஒப்பிட்டு, நீர் கெடுவதைச் செலவாக எழுதி, அதன்பின் தீர்ப்பு எழுதப்பட்டது இப்படுகையின் வரலாற்றில் அநேகமாக அதுவே முதல்முறை. ஆயினும் விலை போட்டுப் பார்க்கும் வாய்ப்பு வயல் உவர்ப்பான பின்னரே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில், வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், மாசு செய்பவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. சூழல் இழப்பை மதிப்பிட்டு இழப்பீடு வழங்கும் ஆணையம் ஒன்று அதையொட்டி அமைந்தது. அதன் முன் வந்த பெரிய கணக்கு நொய்யல் ஆற்றுடையது. திருப்பூர்ச் சாயக்கழிவு, 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனம் தரக் கட்டிய அணையின் நீரை வயலுக்கு விடவேண்டாம் என்று ஆயக்கட்டு உழவர்களே கேட்கும் நிலை வந்தது. சென்னைப் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த பால் அப்பாசாமி, பிரகாஷ் நெல்லியாட் முதலியோர் பயிர், குடிநீர், மீன்வளம் ஆகியவற்றில் ஏற்பட்ட இழப்பைப் பணமாக மதிப்பிட்டனர். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீரைத் துளியும் வெளிவிடாமல் மறுபடி பயன்படுத்தும் முறை கட்டாயமானதும் அந்த நீண்ட வழக்கின் விளைவுகளே. நொய்யல் காவிரியில்தான் கலக்கிறது. அதில் கரைந்த உப்பு கல்லணையைத் தாண்டி வராது என்று எந்தப் பங்கீட்டுக் கணக்கும் உறுதி சொல்லவில்லை.

உப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லத்தக்கது. பாசனத்துக்கு ஏற்ற நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள ஈ வகுப்பில், மின்கடத்துதிறன், அதாவது நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் எண், செ.மீ.க்கு 2,250 மைக்ரோசீமென்ஸ்வரை அனுமதிக்கப்படுகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதல்படி, பாசன நீரில் அந்த எண் ஏறத்தாழ 2,000ஐத் தாண்டும்போதே நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. சட்டத்தின் எல்லை பயிரின் எல்லைக்குச் சற்று மேலே நிற்கிறது என்பதே இதன் பொருள். ஆற்றின் நடுப்பகுதியில் இந்த வேறுபாடு பொருட்டல்ல. காவிரி நீர் அந்த எண்ணுக்கு மிகக் கீழே இருக்கும். வடிகாலும் வாய்க்காலும் ஒன்றாகிய கடைமடையில், நீர் திரும்பத் திரும்பப் பயன்பட்டு உப்பு செறியும்போது, நிழல் விலை பிறப்பது இந்த இடைவெளியில்தான். உரத்தைவிட உப்பையும் நகரக் கழிவையும் முதற்கட்டுப்பாடாக வைத்து எழுதப்படும் மாதிரியே இப்படுகைக்குப் பொருந்தும் என்று கருத இடமுண்டு.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாட்டின் மாசடைந்த 351 ஆற்றுப்பகுதிகளைப் பட்டியலிட்டபோது, மேட்டூரிலிருந்து மயிலாடுதுறை வரையிலான காவிரி முதல் முன்னுரிமைப் பிரிவில் வந்தது. கரிமக் கழிவு மிகுந்த, உடனே சரிசெய்ய வேண்டிய பகுதிகளுக்கு உரிய பிரிவு அது. கும்பகோணமும் திருவிடைமருதூரும் அந்த நீளத்துக்குள் அடங்குகின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை ஏற்று மாநிலம் தயாரிக்க வேண்டியிருந்த மீட்புத் திட்டங்கள் பெரும்பாலும் நகராட்சிச் சாக்கடையையும் தொழிற்சாலைக் கழிவையும் எண்ணுபவை. எந்த நிலத்தில் எந்தப் பயிர் என்ற கேள்விக்கு அவற்றில் இடம் குறைவு.

நிலத்தைக் காக்கும் சட்டம் வேறொரு வழியில் வந்தது. திருவிடைமருதூர் வட்டத்திலேயே உள்ள கதிராமங்கலத்தில் 2017 சூன் 30இல் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியதும், அதைத் தொடர்ந்த போராட்டங்களும், நெடுவாசல் ஊரில் எரிவாயு அகழ்வுக்கு எழுந்த எதிர்ப்பும் அதன் பின்னணியில் நின்றன. 2020 பிப்ரவரியில் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும், புதிய உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள், எண்ணெய் எரிவாயு அகழ்வுகள் ஆகியவற்றைத் தடை செய்தது; முன்பே நடந்துவந்தவற்றை விட்டுவைத்தது. எந்த நிலம் எதற்குப் பயன்படலாகாது என்று பட்டியலிட்ட அச்சட்டத்தில் ஆற்றுநீருக்கான தர எண் எதுவும் இல்லை. திருச்சிராப்பள்ளி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் மண்டலத்துக்கு வெளியே விடப்பட்டன; ஈரோடும் சேலமும் நாமக்கல்லும் அதன் பேச்சிலேயே இல்லை. மேட்டூரில் தொடங்கும் மாசுப்பகுதி கல்லணைக்கு வந்து சேரும்வரை கடக்கும் கரைகள் அனைத்தும் இந்த மாவட்டங்களுக்குள்தான் உள்ளன.